பெட்டியை விட்டுவிட்டு உள்ளிருந்ததை மட்டும் எடுத்த கதை: டிஸ்க்2விஎச்டி

அக்கா எம்பிராய்டரி டிசைன் போடுபவள். அவளுடைய விண்டோஸ் 7 கணினிக்குப் பதினான்கு வயது. பவர் பொத்தானை அழுத்தினால் சில நாள் மூன்றாவது முறைதான் உயிர் வரும். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி எப்போதோ தீர்ந்துவிட்டது. அதனால் தினமும் காலையில் தேதி தவறு என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கும், எஃப்1 அழுத்தினால்தான் மேலே நகரும். புது பேட்டரி போட்டுப் பார்த்தேன். அதைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் உடைந்திருப்பதால் இரண்டே நாளில் பழைய நிலை. அக்கா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. பொத்தானை அழுத்துவாள், எஃப்1 தட்டுவாள், நூல்கண்டை எடுக்கப் போய்விடுவாள்.

"புதுசு வாங்கிக்கோ" என்று சொல்வது சுலபம். அவளுடைய டிசைன் மென்பொருளைச் செய்த நிறுவனம் இப்போது இல்லை. நிறுவல் சிடியில் கீறல். மென்பொருள் ஓட யுஎஸ்பி போர்ட்டில் உரிமத்துக்குச் சாவியான ஒரு பச்சை டாங்கிள் செருகியிருக்க வேண்டும். அது மட்டும் பத்திரமாக இருக்கிறது. கூடவே எழுத்துகளைத் தையலாக மாற்றும் இன்னொரு சின்ன நிரல். அது கணினியின் நெட்வொர்க் கார்டு முகவரியைப் பார்த்துத்தான் உரிமத்தை ஒப்புக்கொள்ளும். புதிதாகப் போட்டால் இணையத்தில் அனுமதி கேட்கும். அனுமதி தரும் சர்வர் அணைந்து பல காலம்.

ஆக, எதையும் மறுபடி நிறுவ முடியாது. இருக்கும் விண்டோஸை அதன் மென்பொருள்கள், அமைப்புகள், டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடக்கும் இருநூறு ஐகான்கள் எல்லாவற்றோடும் அப்படியே பெயர்த்தெடுத்து, வேறொரு கணினிக்குள் வர்ச்சுவல் மெஷினாக, அதாவது மென்பொருளால் உருவாக்கிய ஒரு கணினியாக, ஓட்ட வேண்டும். அதற்கு நான் பயன்படுத்தியது டிஸ்க்2விஎச்டி: டிஸ்கை விஎச்டி என்ற ஒரே கோப்பாக, வர்ச்சுவல் மெஷினில் மாட்டக்கூடிய டிஸ்காக, நகலெடுத்துத் தரும் கருவி. இந்த மதிப்புரை அதைப் பற்றித்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்லாவிட்டால் பாதிக்கதை சொன்ன மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் இந்தக் கருவி செய்வதும் பாதிவேலைதான்.

இது விண்டோஸைப் பராமரிக்க உதவும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. மார்க் ருஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கி, 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்ட அதே தொகுப்பு. டிஸ்க்2விஎச்டி 2009-இல் வந்தது. இலவசம். நிறுவ வேண்டியதில்லை, ஜிப்பை விரித்து இரட்டைக் கிளிக் செய்தால் ஒரே ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். மேலே கோப்பை எங்கே வைப்பது என்று ஒரு கட்டம், நடுவில் டிஸ்கின் பகுதிகளான பார்ட்டிஷன்களின் பட்டியல், டிக் போட இரண்டு மூன்று இடம், கீழே உருவாக்கு என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான். அடுத்து, அடுத்து என்று ஏழு பக்கம் போகும் மென்பொருள்களைப் பார்த்துச் சலித்தவன் நான். எனக்கு இது பிடித்துவிட்டது.

இதன் சாமர்த்தியம், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த விண்டோஸையே நகலெடுப்பது. ஓடும் வண்டியின் டயரைக் கழற்றுவது போலத் தோன்றும், ஆனால் விண்டோஸிலேயே இதற்கு ஏற்பாடு இருக்கிறது. வால்யூம் ஷேடோ காப்பி என்ற வசதி ஒரு நொடியில் டிஸ்க் எப்படி இருந்ததோ அந்த நிலையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதன் பிறகு நீங்கள் எதை மாற்றினாலும் நகலில் வராது. டிஸ்க்2விஎச்டி அந்த உறைந்த நிலையைத்தான் படிக்கிறது. நகல் ஓடும்போது அக்கா பாட்டுக்கு ஒரு மயில் டிசைனைத் திருத்திக்கொண்டிருந்தாள். எதுவும் கெடவில்லை, கணினி கொஞ்சம் மந்தமானதைத் தவிர. அந்தத் திருத்தம் நகலில் இல்லை என்று பிறகு தெரிந்தபோது எனக்குத்தான் திட்டு விழுந்தது.

வேறு வழிகளும் உண்டு. வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளின் கன்வர்ட்டர் இருக்கிறது. அதை நிறுவ வேண்டும், ஆனால் நகலெடுத்த பிறகு புது இடத்துக்கு ஏற்ற டிரைவர் மாற்றங்களையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இலக்கு விஎம்வேர் என்றால் முதலில் அதைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் அதைப் பதிவிறக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அதே ஆண்டு இறுதிக்குள் புதுப் பதிப்போடு திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்னொரு வழி, குளோன்ஜில்லாவை யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து, விண்டோஸ் தூங்கும்போது டிஸ்கை நகலெடுப்பது. ஹார்ட் டிஸ்கே சாகும் தறுவாயில் இருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால் இவை எதுவும் வேண்டாம். குனு டிடிரெஸ்க்யூ போன்ற ஒன்றால் முதலில் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள். அக்காவின் கணினியில் நோய் மதர்போர்டுக்குத்தான். டிஸ்க் திடமாக இருந்தது. செக்டிஸ்க் ஓட்டி அதை உறுதிசெய்துகொண்ட பிறகே ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த உடனே ஒரு தடங்கல். நான் கொண்டுபோன வெளி டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றுவதற்கு, அதிலிருந்த என் புகைப்படங்களை எங்கே தற்காலிகமாக வைப்பது என்று தேடியதிலேயே ஒரு மாலைநேரம் போனது.

அடுத்தது டிக் விஷயம். பட்டியலில் சி, டி இரண்டோடு பெயரே இல்லாத ஒரு வால்யூமும் இருந்தது: எழுத்து கிடையாது, நீளமான எண்கோவை மட்டும், அளவு 100 எம்பி. குப்பை என்று நினைத்து டிக்கை எடுக்கப் போனேன். அதுதான் விண்டோஸ் 7 தனக்காக ஒதுக்கிவைக்கும் சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன். விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் மேனேஜர் குடியிருப்பது அங்கேதான். அதை விட்டுவிட்டால் சி முழுதாக வந்தாலும் வர்ச்சுவல் மெஷினுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் நிறுவிய கணினிகளில் இதே வேலையை இஎஃப்ஐ பார்ட்டிஷன் செய்கிறது. அதுவும் இப்படிப் பெயரில்லாமல்தான் நிற்கும். டி-யின் டிக்கை எடுத்தேன், அதில் பழைய சினிமாப் பாட்டுகள்தான். டிக் எடுத்த பார்ட்டிஷனுக்கு இடத்தைப் பிடித்துவைக்கும், உள்ளிருப்பதை மட்டும் நகலெடுக்காது.

விஎச்டியின் புதிய வடிவமான விஎச்டிஎக்ஸ் வேண்டுமா என்ற டிக்கில் யோசிக்க வேண்டும். இது 2013-இல் இரண்டாம் பதிப்போடு வந்த வசதி. பழைய விஎச்டி வடிவம் 2 டெராபைட்டுக்குள்தான் அடங்கும், விஎச்டிஎக்ஸுக்கு அந்தத் தளை இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் வர்ச்சுவல் மெஷின் மென்பொருளான ஹைப்பர்-வியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் விஎச்டிஎக்ஸ் நல்லது. ஹைப்பர்-வியில் இரண்டாம் தலைமுறை மெஷின் வேண்டுமென்றால் அது கட்டாயமே. நான் அதேபோன்ற இன்னொரு மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸில் ஓட்டப்போகிறேன். வர்ச்சுவல்பாக்ஸ் விஎச்டிஎக்ஸைப் படிக்கும், எழுதாது. ஆகவே டிக்கை எடுத்துவிட்டேன்.

320 ஜிபி டிஸ்க், அதில் சி-யில் நிறைந்திருந்தது 96 ஜிபி. கருவி நிறைந்த பகுதியை மட்டும் எழுதுவதால் கோப்பும் ஏறக்குறைய அதே அளவில் நின்றது. உள்ளே பார்த்தால் டிஸ்க் தன்னை 320 ஜிபி என்றே சொல்லிக்கொள்ளும். பழைய கணினியில் யுஎஸ்பி 2 மட்டும் என்பதால் ஒன்றேகால் மணிநேரம் பிடித்தது.

முடிந்ததும் சும்மா இருந்திருக்கலாம். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. விண்டோஸ் 7-இன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் விஎச்டியை இணைக்கும் வசதி இருக்கிறதே. அதே கணினியிலேயே இணைத்தேன். டிஸ்க் வந்தது, கோப்புகள் தெரிந்தன, மகிழ்ச்சியோடு கழற்றினேன். வீட்டுக்கு வந்து என் கணினியில் வர்ச்சுவல்பாக்ஸில் மாட்டி ஓட்டினால், பூட் செய்யத் தேவையான சாதனம் கிடைக்கவில்லை என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

காரணம் நான் செய்த அந்த எட்டிப்பார்த்தல்தான். ஒவ்வொரு டிஸ்கிலும் அடையாள எண் ஒன்று பொறித்திருக்கும். நகலிலும் அதே எண். ஒரே எண்ணோடு இரண்டு டிஸ்க் ஒரே கணினியில் இருந்தால் விண்டோஸுக்குக் குழப்பம் என்பதால், பின்னால் வந்ததற்கு எண்ணை மாற்றி எழுதிவிடும். பூட் தகவல் சேமிப்போ பழைய எண்ணைத்தான் தேடும். எப்படிக் கிடைக்கும்? மூல டிஸ்க் இருக்கும் கணினியில் நகலை இணைக்காதீர்கள் என்று கருவியின் குறிப்பிலேயே கொட்டை எழுத்தில் இல்லாவிட்டாலும் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் படித்தது அன்று இரவு பதினொரு மணிக்கு. மீட்பு வட்டிலிருந்து பூட் தகவலைத் திரும்பக் கட்டலாம்தான். எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் போய் இன்னொரு நகல் எடுத்துவந்தேன். மயிலும் இந்த முறை சேர்ந்து வந்தது, அதனால் அக்காவிடம் இது திட்டமிட்டுச் செய்தது என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது நகல் இன்னும் கொஞ்சதூரம் போனது. விண்டோஸ் சின்னம் ஒளிரத் தொடங்கியது, நீலமாக ஏதோ பளிச்சிட்டது, மெஷின் தானாக மறுபடி தொடங்கியது. மீண்டும் அதே பளிச். எஃப்8 அழுத்திப் பிடித்து, தவறு நேர்ந்தால் தானாக மறுதொடக்கம் செய்யாதே என்ற வரியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் நீலத் திரை நின்று முகம் காட்டியது. 0எக்ஸ்7பி. இந்த வேலையில் இறங்கிய யாரும் இந்த எண்ணைச் சந்திக்காமல் போவதில்லை. தொடங்கிய விண்டோஸால் தன் சொந்த டிஸ்கையே எட்ட முடியவில்லை என்று அர்த்தம்.

இதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பலர் நகல் கெட்டுவிட்டது என்று நினைத்து இங்கேதான் கைவிடுகிறார்கள். விண்டோஸ் 7 நிறுவப்படும்போது அந்தக் கணினியின் டிஸ்க் எந்தக் கன்ட்ரோலரில் (டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் சுற்று) இருக்கிறதோ, அதற்கான டிரைவரை மட்டும் தொடக்கத்திலேயே எழுப்பும்படி வைத்துக்கொள்ளும். மற்றவை டிஸ்கில் இருக்கும், தூங்கும். அக்காவின் கணினி ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையில் அமைக்கப்பட்டது. வர்ச்சுவல்பாக்ஸோ விண்டோஸ் 7 என்றதும் டிஸ்கை சாட்டா என்ற புதிய முறைக் கன்ட்ரோலரில் மாட்டிவைத்திருந்தது. சாட்டாவுக்கான ஏஎச்சிஐ டிரைவரை எழுப்ப யாரும் இல்லை.

தீர்வு இரண்டு நிமிடம். மெஷினின் ஸ்டோரேஜ் அமைப்பில் சாட்டாவிலிருந்து டிஸ்கை எடுத்து ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டினேன். எழுந்துவிட்டது! சாட்டா வேண்டுமென்பவர்கள், இப்படி ஒருமுறை உள்ளே போனதும் விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் கிளையின் கீழ் எம்எஸ்ஏஎச்சிஐ என்ற பெயருக்குப் போய், ஸ்டார்ட் மதிப்பை 3-இலிருந்து 0 ஆக்கி, மெஷினை அணைத்துவிட்டு டிஸ்கை சாட்டாவுக்கு மாற்றலாம். பழைய கணினியிலேயே, நகலெடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் நீலத் திரையைப் பார்க்கவே வேண்டாம். அதேபோல மூலக் கணினி பழைய பயாஸ் முறையா யுஇஎஃப்ஐ முறையா என்பதையும் முன்பே பார்த்துவைத்து, மெஷினையும் அதே முறையில் அமைக்க வேண்டும். முரண்பட்டால் பூட்டே ஆகாது.

டிஸ்க்2விஎச்டி இவை எதிலும் தலையிடாது. டிரைவரைத் தொடாது, மெஷினை அமைத்துத் தராது, நகல் எழுமா என்று சோதித்துப் பார்க்காது. இதைக் குறையாகச் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்ததை இருந்தபடி தருவதால்தான் அதே கோப்பை ஹைப்பர்-வியிலும் வர்ச்சுவல்பாக்ஸிலும் மாட்ட முடிகிறது, க்யூஇஎம்யு என்ற இன்னொரு வர்ச்சுவல் மெஷின் மென்பொருளுக்கு வேண்டிய வடிவத்துக்கும் மாற்ற முடிகிறது. ஆனால் எல்லாம் தானாக நடக்கும் என்று எதிர்பார்த்து வருபவருக்கு இந்தச் சின்ன ஜன்னல் ஏமாற்றம்தான் தரும். நீலத் திரை என்றாலே பயந்து கணினியை மூடிவிடும் ஒருவருக்கு இதைத் தனியாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

எழுந்த விண்டோஸ் 800க்கு 600 அளவில், கண்ணைக் கூசும் பெரிய ஐகான்களோடு வந்தது. வர்ச்சுவல்பாக்ஸின் சொந்த டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டதும் திரை சரியானது. இல்லாத கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர், இல்லாத மதர்போர்டின் வெப்பநிலை காட்டும் நிரல் எல்லாவற்றையும் நீக்கினேன். விண்டோஸ் தன்னை மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொன்னது; அது நியாயம்தான், அதன் பார்வையில் உடம்பு முழுக்க மாறியிருக்கிறதே. அக்காவிடம் இருந்தது தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமம் என்பதால் சிக்கல் இல்லை. கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடே கட்டுண்டது. இந்த வேலையில் இறங்குவதற்கு முன் உங்களுடையது எது என்று பார்த்துவிடுங்கள்.

பச்சை டாங்கிளை என் கணினியில் செருகி, யுஎஸ்பி அமைப்பில் அதற்கு ஒரு ஃபில்டர் போட்டதும் மெஷினுக்குள் போய்ச் சேர்ந்தது. இங்கே யுஎஸ்பி 3-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். விண்டோஸ் 7-இல் அதற்கான டிரைவர் இயல்பாக இல்லை. 2 போதும். டிசைன் மென்பொருள் சின்னத் தயக்கத்துக்குப் பிறகு திறந்தது. எழுத்துத் தையல் நிரலுக்காகப் பழைய கணினியிலேயே கெட்மேக் கட்டளை கொடுத்து நெட்வொர்க் கார்டின் முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்திருந்தேன். வர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு குறிகளைத் தட்டினேன். நிரல் எதுவும் கேட்கவில்லை. பழைய பெட்டியை இனி யாரும் ஓட்டப்போவதில்லை என்பதால் ஒரே முகவரி இரண்டு இடத்தில் என்ற தொல்லையும் கிடையாது.

இணையத்தை வெட்டிவிட்டேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது, அப்படிப்பட்ட ஒன்றை வெளியே உலவவிட எனக்கு மனமில்லை. நெட்வொர்க் கார்டு இருக்கும், ஆனால் கேபிள் இணைக்கப்பட்டிருக்கிறது என்ற டிக் இருக்காது. டிசைன் கோப்புகள் ஷேர்டு ஃபோல்டர் வழியாகப் போய்வருகின்றன. அங்கிருந்து பென்டிரைவில் ஏற்றித் தையல் இயந்திரத்துக்கு எடுத்துப்போகிறாள். எல்லாம் சரியாக இருந்த நிலையில், பின்னால் அதே நிலைக்குத் திரும்ப ஒரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வைத்தேன்.

அப்புறம் அந்த மெஷினை அக்காவின் புதுக் கணினிக்கு மாற்றி, முழுத் திரையில் திறந்து, வந்து உட்காரச் சொன்னேன். அதே வால்பேப்பர், அதே இருநூறு ஐகான், இடம்கூட மாறவில்லை.

"டேய், புதுசுன்னு சொன்னே, பழசாவே இருக்கே?"

"உனக்கு அதுதானே வேணும்?"

பதில் சொல்லாமல் மயிலைத் திறந்தாள். முன்பு திறக்க எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை என்று பிறகு அவளாகவே ஒப்புக்கொண்டாள்.

மூன்று வாரம் ஆகிறது. ஒரே ஒரு புகார் வந்திருக்கிறது. காலையில் மெஷினைத் திறந்ததும் தினமும் விண்டோஸின் உதவிப் பக்கம் தானாகத் திறந்துகொள்கிறதாம், வைரஸா என்று கேட்டாள். போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டெஸ்க்டாப் வருவதற்குள் அவள் விரல் தானாக எஃப்1-க்குப் போய்த் தட்டிவிட்டு, கை நூல்கண்டைத் தேடிக்கொண்டிருந்தது.